ஊரணிக்கரையில் ஜேசிபி இறங்கும் முன்: ஊர்க் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஊர்த் தலைவர் அண்ணனுக்கும், கமிட்டி நிர்வாகிகளுக்கும், இளைஞர் மன்றத் தம்பிமாருக்கும் வணக்கம்.

பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். ஊரணிக்கரையை ஜேசிபி வைத்து முழுசாகச் சுத்தம் செய்வது, கரையைச் சுற்றிப் பேவர் பிளாக் பதிப்பது, ஹைமாஸ் விளக்கு ஒன்று நிறுத்துவது, மொட்டைப்பனைகளை வெட்டி அப்புறப்படுத்துவது என்று வேலை போட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரியும் போட்டாயிற்று. என் பங்கை மளிகைக்கடையில் கட்டி ரசீதும் வாங்கிவிட்டேன். காசு கொடுக்க மனசில்லாமல் பேசுகிறாள் என்று யாரும் சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான் இதை முதலிலேயே எழுதுகிறேன்.

கிழக்குத் தெருவில் ஊரணியை ஒட்டின கடைசி வீடு என்னுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். மன்றத்துத் தம்பிகளில் பாதிப் பேருக்கு முதல் தடுப்பூசி போட்டவள் நான். அப்போது நீங்கள் அழுத அழுகையை இங்கே எழுதப் போவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு தோட்டத்தோடுதான் என் பொழுது போகிறது. நாலு தென்னை, முருங்கை, கொய்யா, ஒரு சப்போட்டா, எலுமிச்சை, கறிவேப்பிலை, வேலியோரம் எருக்கும் செம்பருத்தியும். கடல் காற்றில் உப்புத் தின்று தப்பித்தது இவ்வளவுதான். போன ஐப்பசியிலிருந்து இந்தப் புரட்டாசி வரைக்கும் அங்கே எது வந்தது, எது வராமல் நின்றது என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் புரட்டிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. என் தோட்டத்துக்கு வருகிற எதுவும் என் தோட்டத்தில் குடியிருக்கவில்லை. குடியிருப்பு ஊரணிக்கரையில். என் தோட்டம் அவற்றுக்குக் கடைவீதி மாதிரி. வரும், வேண்டியதை எடுக்கும், திரும்பிப் போகும். அந்தக் குடியிருப்பைத்தான் நீங்கள் 'காடாகக் கிடக்கிறது' என்கிறீர்கள்.

சரி, வருடத்தை ஐப்பசியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்துக்கு மழைக்கணக்கும் அங்கிருந்துதானே.

மழை இறங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு விடியற்காலையில் வெளித் திண்ணையில், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. ராத்திரி முழுக்க அங்கே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. பச்சை முதுகு, தோளில் பளீரென்று ஒரு நீலத் திட்டு, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. வால் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. கையை நீட்டினால் பறக்கவில்லை, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. அதுதான் ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கத்துவதால் அந்தப் பேர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் ராத்திரியில்தான். களைத்துப்போன நேரத்தில் வெளிச்சத்தைப் பார்த்தால் திசை தப்பி இறங்கிவிடும், கண்ணாடி ஜன்னலில் மோதியும் விழும். ஐப்பசி வந்தால் கடலோர ஊர்களில் இந்தக் குருவியை வீட்டுக்குள் இருந்து எடுத்த கதை தெருவுக்கு ஒன்று கேட்கலாம்.

பிடித்து அரிசி போட்டுப் பார்ப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. அது அரிசி தின்னும் பறவை இல்லை. காற்றுத் துளை போட்ட செருப்பு அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாமல் வைத்தேன். பொழுது சாயும் நேரத்தில் எங்கே விடுவது என்பதுதான் யோசனையாக இருந்தது. என் முற்றம் விளக்குமாறு போட்டுப் பெருக்கின மணல். அந்தக் குருவிக்குச் சாப்பாடு சருகுக்கு அடியில். தரையில் தத்தித் தத்தி நடந்து, இலையைப் புரட்டிப் போட்டுப் புழு பூச்சி எடுக்கும். அப்படிச் சருகு கிடக்கிற இடம் நம் ஊரில் ஊரணியின் மேலக்கரை ஒன்றுதான், உகாய் மரமும் இசங்குப் புதரும் பின்னிக் கிடக்கிற அந்தத் துண்டு. அங்கே கொண்டுபோய்ப் பெட்டியைச் சாய்த்தேன். கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றது. அப்புறம் இறங்கி, புதருக்கு அடியில் நடந்தே போய்விட்டது, பறக்கக்கூட இல்லை. பங்குனி வரைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஆறு மணிச் சத்தம் கேட்டது. அதே குருவியா, அதன் பிறகு வந்து சேர்ந்ததா என்று சொல்லத் தெரியாது. கேட்டது உண்மை.

உங்கள் அறிவிப்பில் முதல் வரியே 'குப்பை சருகுகளை அகற்றி எரித்தல்'. குப்பை வேறு, சருகு வேறு, தம்பி. பாலிதீனையும் பாட்டிலையும் அள்ளுங்கள், நானும் கூட வந்து அள்ளுகிறேன். சருகை விட்டுவிடுங்கள்.

மழை வந்ததும் கதை மாறியது. அதற்கு முந்தின வாரமே தட்டாரப்பூச்சி வானம் கொள்ளாமல் பறந்தது. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். அப்படிக் கூட்டமாக வருகிற தட்டானில் ஓர் இனம் இங்கிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலையே தாண்டி ஆப்பிரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் செருப்புக் காலடியில் பறக்கிற பூச்சி! முதல் மழை ராத்திரியில் தவளைகளின் சத்தம். விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஊரணியின் தாழ்ந்த ஓரத்தில், புல்லுக்குள் தேங்கின கணுக்கால் தண்ணீரில், எலுமிச்சம்பழ மஞ்சளில் பெரிய பெரிய தவளைகள். கன்னத்தில் இரண்டு பக்கமும் நீலப் பை உப்பி அடங்குகிறது. மற்ற மாதமெல்லாம் சேற்று நிறத்தில் திரிகிற அதே தவளைதான், இணை தேடும் சில நாளைக்கு மட்டும் ஆண் இப்படி நிறம் மாறும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். ஒரு பிள்ளை கேட்டது, யாரும் பெயின்ட் அடித்துவிட்டார்களா அத்தை என்று.

இந்தத் தாழ்ந்த ஓரம்தான் உங்கள் திட்டத்தில் கல் கட்டிச் செங்குத்தாக்கப் போகும் ஓரம். புல்லும் சரிவும் இல்லாவிட்டால் தவளைக்கு முட்டையிட இடமில்லை. கொசுவுக்காகத்தான் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. கொசு என்றால் நான் பேசலாம், அது என் வேலை. டெங்கு பரப்பும் கொசு ஊரணியைத் தேடிப் போவதில்லை. வீட்டுப் பின்னால் கிடக்கிற டயர், கொட்டாங்கச்சி, மூடி போடாத சிமெண்டுத் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர், இதுதான் அதற்குப் பிடித்த இடம். ஊரணித் தண்ணீரில் வளர்கிற தட்டான் குஞ்சு கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது. வருடக்கணக்காக வீடு வீடாகத் தொட்டியைக் கவிழ்த்த கையால் எழுதுகிறேன்: கொசுவை ஒழிக்க நம் கொல்லைப்புறத்தைச் சுத்தம் பண்ணினால் போதும்.

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சுருட்டான்கள் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து என் தேனீக்களைத் தின்றன, அது அவற்றின் தொழில். கறிவேப்பிலைச் செடியில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது காக்கா எச்சம் போல வேஷம் போடும், பெரிதானதும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். தாளிக்க இலை குறைந்தது, பரவாயில்லை.

தை, மாசியில் கடற்கரைக்கு வாருங்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம் அது. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறது. நம் கரையில் தப்பித்தவறி ஒரு குழி பொரிந்தால், அந்தக் குஞ்சுகள் இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். இயற்கையில் அது கடலின் பக்கம். ஊரணியில் ஹைமாஸ் நின்றால் அது ஊரின் பக்கம். மேட்டில் நின்று பார்த்தால் ஊரணிக்கும் கடலுக்கும் நடுவே மறைப்பு என்று சொல்ல நாலு தாழம்புதரும் பனைவரிசையும்தான். அந்தப் பனையிலும் சிலதை வெட்டப் போகிறீர்கள்.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருட்டின பிறகு அந்த வழியாகப் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற பெண்பிள்ளைகளுக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும், அதை மறுத்துப் பேசுகிறவள் பெண்ணே இல்லை. வேண்டியது நடக்கிற பாதையில். நடைபாதை ஓரமாக ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, மேல்பக்கம் மூடி வெளிச்சம் கீழே மட்டும் விழுகிற மாதிரி, மஞ்சள் விளக்கு நாலைந்து போடுங்கள். ஹைமாஸுக்கு ஆகிற செலவில் பாதியில் முடியும் என்று எலக்ட்ரீசியன் தம்பியே சொன்னார். ஹைமாஸ் ஊரணித் தண்ணீருக்கும் வானத்துக்கும்தான் வெளிச்சம் கொடுக்கும், புதருக்குப் பின்னால் நிழல் இன்னும் கறுப்பாகத்தான் விழும்.

இனி சித்திரை. இந்தக் கடிதத்தை எழுதவே அதுதான் காரணம்.

என் வீட்டுக்கு வடக்கே இருந்த காலி இடம் உங்களுக்கு நினைவிருக்கும். உடைமரமும் விடத்தலையும் சப்பாத்திக்கள்ளியும் மண்டிக் கிடந்தது. கௌதாரி கத்தும், விடியலில் முயல் ஓடும். அதை வாங்கினவர்கள் சித்திரை வெயிலில் ஒரே நாளில் ஜேசிபி விட்டு மொழுமொழுவென்று வழித்தார்கள். வழித்ததையெல்லாம் என் வேலியோரம் தள்ளிக் குவித்துவிட்டுப் போனார்கள். பிளாட் கல் நட்டார்கள், கொடி கட்டினார்கள், இன்றுவரை ஒரு வீடும் எழும்பவில்லை. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து எலி. முதலில் மணல் எலி, அதன் பின்னால் பெருச்சாளி. சப்போட்டா மரத்து வேரைத் தோண்டின, கோழித் தீவனச் சாக்கைக் கடித்தன. எலி இருந்த இடத்தை இழந்தது போலவே, எலியைத் தின்ற பாம்பும் இடத்தை இழந்திருந்தது. ஒரு மத்தியானம் விறகு அடுக்குக்குள் தடதடவென்று சத்தம். ஆள் நீளத்துக்கு மேலே ஒரு சாரை, பாதி உடம்பு விறகுக்குள், பாதி வெளியே. உள்ளே எலி கத்தியது, அப்புறம் கத்தவில்லை. சாரை தலையை மெதுவாக வெளியே எடுத்து, வாயில் எலியோடு, என்னைப் பார்த்தபடி சுவர் ஓரமாகவே வழிந்து போனது. அதற்கு விஷம் கிடையாது. அதன் பிறகு பெருச்சாளித் தோண்டல் குறைந்ததை நானே பார்த்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்து அதே சாரை தெருவுக்குப் போனபோது அடித்துக் கொன்றுவிட்டார்கள். யார் என்று எழுதவில்லை, நீளத்தைக் காட்ட உலக்கையோடு போட்டோ எடுத்த தம்பிக்கு நினைவிருக்கும்.

சாரையைக் கொன்ற பிறகு எலி மறுபடியும் கூடியது. அதோடு வந்தது சுருட்டை விரியன். ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான் இருக்கும், வளைந்து வளைந்து உட்கார்ந்து உடம்போடு உடம்பை உரசி ரம்பம் அறுக்கிற சத்தம் போடும். கல் இடுக்கு, குப்பைக் குவியல் எல்லாம் அதற்கு வசதி. வேலியோரம் தள்ளின குவியல் அதற்காகவே கட்டிக் கொடுத்த வீடு. பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையின் ஷூவுக்குள் ஒரு காலையில் ஒன்று சுருண்டிருந்தது. அவள் அம்மா ஷூவைத் தட்டிப் போடச் சொல்லிப் பழக்கியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

சேர்ந்தாற்போல் இதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பாம்பு கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், ஆளைப் பயமுறுத்தாமல், 108-க்குப் போன் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நாட்டில் நாம் போடும் விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்கானது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், இந்தச் சுருட்டை. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைப் பாம்பைக் கொல்லாமல் எடுத்துக் கொடுப்பது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-லிருந்து இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். இருளர் சமூகத்துப் பாம்புபிடி வல்லுநர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்போடு பழகுவது தனிக்கலை. கம்பும் உலக்கையும் தூக்குகிற நமக்கு அது கிடையாது, ஆகவே பாம்பு தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் நமக்கு நல்லது. அது வருவதும் வராததும் அதன் இடத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஒரு மனை இடத்தை வழித்ததற்கே ஒரு தெரு இந்தப் பாடு பட்டது. ஊரணிக்கரை அதைப்போலப் பல மடங்கு பெரிது, மூன்று தெருவை ஒட்டியிருக்கிறது, அங்கன்வாடியும் அதன் ஓரத்தில்தான். ஒரே நாளில் ஜேசிபி விட்டு வழித்தால் உள்ளே இருப்பதெல்லாம் எங்கே போகும் என்று கமிட்டி யோசித்ததா? அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வைகாசி, ஆனி. கிணறு உப்பாகிவிட்டது, காவிரித் தண்ணீர் வந்தால் உண்டு. மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். தேன்சிட்டு முதல் மயில் வரை வந்தது. மயிலைப் பற்றி நல்லபடியாக எழுத எனக்கு மனசு வரவில்லை. தக்காளிக் கன்று, மிளகாய் நாற்று, கீரை விதை, எதையும் விடவில்லை. தேசியப் பறவை, சட்டம் இருக்கிறது, கை வைக்க முடியாது. பழைய மீன்வலையை வாங்கிப் பந்தலாகக் கட்டினேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அணிலுக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் சப்போட்டாவில் பங்கு போனது. வருகிறதெல்லாம் நல்லதே செய்கிறது என்று உங்களிடம் நான் கதைவிடவில்லை.

பனைக்கு வருகிறேன். நுங்குக் காலத்தில் அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தொங்குகிற காவோலைகளுக்குள் கிச்கிச்சென்று நுழைந்து நுழைந்து வெளியேறும் மெல்லிய சிறகுக் குருவிகள். பனை உழவாரன். அது பனை ஓலையின் அடிப்பக்கத்தில் பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஒட்டிச் சின்னக் கிண்ணமாகக் கூடு வைக்கிறது. முட்டையையும் அந்த எச்சிலாலேயே கூட்டோடு ஒட்டிவிடும், காற்றில் ஓலை ஆடும்போது விழாமல் இருக்க. கச்சான் காற்று அடிக்கிற அடிக்கு நம் ஓட்டு வீட்டு ஓடே பறக்கிறது, அந்த முட்டை பறப்பதில்லை. 'பனைகளை அழகாகக் கழித்து விடுதல்' என்று நீங்கள் போட்டிருப்பது இந்தக் காவோலைகளைத்தான். ஏறுகிற மரத்தில் கழிக்கத்தான் வேண்டும், பதநீர் இறக்குகிறவருக்கு அது தேவை. யாரும் ஏறாத மேலக்கரை மரங்களில் ஏன்?

மொட்டைப்பனை இன்னொரு வழக்கு. கொண்டை போன மரம், பார்க்கக் கம்பம் மாதிரி நிற்கிறது, விழுந்துவிடும் என்கிறீர்கள். பாதையோரம் இருப்பவை விழலாம், அவற்றை எடுங்கள். உள்ளே தள்ளி நிற்பவை யார் தலையில் விழப் போகின்றன? ஒன்றில் கிளி, ஒன்றில் மைனா. நடுவில் நிற்கிற உயரமான மரத்துப் பொந்தில் பனங்காடை குஞ்சு பொரித்தது. உட்கார்ந்திருந்தால் மங்கல், சிறகை விரித்தால் இரண்டு நீலம். நாள் முழுக்க வெட்டுக்கிளியும் வண்டும் கொண்டுவந்து கொடுத்தபடி இருந்தது. அந்தி சாய்ந்ததும் பக்கத்துப் பொந்திலிருந்து புள்ளி ஆந்தை எட்டிப் பார்க்கும். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று என்னிடம் சொல்ல வராதீர்கள். நம் ஊரில் நான் பார்த்த சாவுகள் வந்த வழி சர்க்கரை, பிரஷர், பைக்.

இன்னொன்றும் கவனியுங்கள். உயிரோடு நிற்கிற பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்தது. அறிவிப்பில் மொட்டைப்பனை என்று போட்டுவிட்டு, ஜேசிபிக்காரர் வசதிக்காகக் கூடவே நாலு நல்ல மரமும் சாய்ந்தால் கமிட்டிதான் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆவணியில் இரண்டு மழை இறங்கினதும் தூக்கணாங்குருவிகள் ஊரணிக் கிணற்றுக்கு மேலே சாய்ந்து நிற்கிற பனையைப் பிடித்தன. ஆண்குருவி என் தென்னை ஓலையின் ஓரத்தை அலகால் கவ்வி, அப்படியே பறந்து, நாராகக் கிழித்துக்கொண்டு போகும். கூடு பாதி ஆகி, கவிழ்த்த தொப்பி மாதிரி தொங்கும்போது வேலையை நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண்குருவி வந்து, உள்ளே உட்கார்ந்து, இழுத்துப் பார்த்துப் போகும். பிடித்தால் மீதிக் கூடும் நீண்ட வாசலும் எழும்பும். பிடிக்காவிட்டால் அந்தத் தொப்பி அப்படியே காய்ந்து தொங்க வேண்டியதுதான். இப்போது, நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் புரட்டாசியில், அந்தக் கூடுகளில் குஞ்சு இருக்கிறது. கீழே நின்றால் சத்தம் கேட்கும். நீங்கள் குறித்திருக்கும் தேதி அடுத்த வாரம்.

பறவைக்கென்று தனியாக இடம் இருக்கிறதே, அங்கே போகட்டும் என்று ஒருவர் டீக்கடையில் சொன்னாராம். இருக்கிறதுதான். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-லும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலுக்குப் போயின. தனுஷ்கோடியில் பூநாரைக்குச் சரணாலயம் அறிவித்தாயிற்று. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கண்மாய்கள் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும். பனங்காடையும் சாரையும் பஸ் பிடித்துச் சக்கரக்கோட்டைக்குப் போகாது. ஆறுமணிக்குருவி விடியலில் களைத்து இறங்கும்போது கண்ணில் படுகிற புதர்தான் அதற்குச் சரணாலயம்.

கமிட்டியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. புதருக்குள் உட்கார்ந்து குடிக்கிறார்கள், பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், போன மாதம்கூட ஆடு மேய்த்த பாட்டிக்குக் காலில் கண்ணாடி ஏறி நான்தான் கட்டுப் போட்டேன். சீமைக்கருவேலம் கரையை விழுங்கிக்கொண்டு வருகிறது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே அதை அகற்றச் சொன்ன மரம், அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். என்ன, அதிலும் இப்போது கரிச்சான் கூடு இருக்கிறது, வேறு மரம் விட்டுவைத்தால்தானே அது வேறு இடம் பார்க்கும்.

நான் கேட்பது இதுதான். தேதியைத் தள்ளுங்கள். மழை முடிந்து, தை அறுவடை ஆன பிறகு மாசியில் வையுங்கள், அப்போது தூக்கணாங்குருவி போயிருக்கும், தரையும் இறுகியிருக்கும். சீமைக்கருவேலத்தை மட்டும் எடுங்கள், அதையும் ஒரே நாளில் வேண்டாம். ஊரணியின் கீழக்கரை இந்த வருடம், மற்றக் கரைகள் அடுத்த வருடம் என்று பிரித்தால் உள்ளே இருப்பவை நகர நேரம் கிடைக்கும். கரிமூட்டம் போடுகிறவர்களிடம் பேசினால் அவர்களே ஆள் வைத்து வெட்டி விறகை எடுத்துக்கொள்வார்கள், ஜேசிபி வாடகை மிச்சம், கமிட்டிக்கு வரவும் உண்டு. வேரோடு தோண்ட மட்டும் கடைசியில் வண்டியைக் கூப்பிடலாம். தோண்டினதை எந்த வேலியோரமும் குவிக்காமல் அன்றன்றைக்கே ஏற்றிவிட வேண்டும், இதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உகாய், உடை, விடத்தலை, இசங்கு, தாழை இருக்கிற மேலக்கரையைத் தொடவே வேண்டாம். குடிக்கிறவர்களைத் தடுக்க வழி கம்பிக் கேட்டும் இரண்டு பேர் ராத்திரி ஒரு நடை நடப்பதும்தான், புதரை அழித்தால் அவர்கள் பேவர் பிளாக்கில் சௌகரியமாக உட்கார்ந்து குடிப்பார்கள். பேவர் பிளாக்கைப் பிள்ளையார் கோயிலிலிருந்து படித்துறை வரைக்கும் மட்டும் போடுங்கள். தாழ்ந்த ஓரம் புல்லாகவே கிடக்கட்டும்.

எந்த மரத்தை விடுவது என்று வண்டிக்காரருக்குத் தெரியாது என்பீர்கள். வெட்டக் கூடாத மரங்களில் கட்ட என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து வைத்திருக்கிறேன். மன்றத்துத் தம்பிகள் இரண்டு பேர் ஒரு சாயங்காலம் வந்தால் சேர்ந்து கட்டிவிடலாம். வரும்போது முழுக்கால் சட்டையும் ஷூவும் போட்டு வாருங்கள், ஷூவைத் தட்டிப் பார்த்துப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெண்கள் பேச எப்போதும் கடைசியில்தான் நேரம் வருகிறது, அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். இந்த முறை ஊரணி விஷயத்தை முதலில் எடுங்கள் தலைவரண்ணே. கூட்டம் ஆறு மணிக்கா, ஆறரைக்கா என்று அறிவிப்பில் இல்லை, யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு கடைசி வீட்டு நர்ஸக்கா